ஜிஃப்பைச் சின்னதாக்கினால் படம் சிதறுகிறதா? ஜிம்ப்பில் சரிசெய்யும் வழி

பொங்கல் நெருங்கினால் போதும், எங்கள் மேற்கு மாம்பலம் ஃபிளாட் வாட்ஸ்அப் குழுவில் பானை பொங்கும் படங்கள் வரிசைகட்டி வரும். அப்படி ஒரு ஜிஃப்பை (GIF, அசையும் படம்) எடுத்துச் சின்னதாக்கினால் பானை ஓரிடம், நுரை ஓரிடம், ஓரமெல்லாம் கோடு. இதற்காக இணையதளம் இணையதளமாக மாறிப் பயனில்லை.

ஜிஃப் என்பது அடுத்தடுத்து ஓடும் ஃபிரேம்கள், அதாவது தனித்தனிப் படங்கள். பெரும்பாலான ஜிஃப்களில் முதல் ஃபிரேம்தான் முழுப் படம். அடுத்தவற்றில் மாறிய பகுதி மட்டும் துண்டாக இருக்கும். ஃபைல் கனக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. துண்டுகளைத் தனித்தனியே சுருக்கும்போது ஓரங்கள் ஒட்டாமல் போகின்றன.

நான் பயன்படுத்துவது ஜிம்ப் (GIMP) என்ற படத்திருத்த மென்பொருள். இலவசம். ஆன்லைன் கன்வெர்ட்டர்கள் அவசரத்துக்குச் சரி, ஆனால் வீட்டுக் குழந்தைகளின் படத்தை யாருடைய சர்வரிலோ ஏற்ற எனக்கு மனம் வராது.

1. ஜிஃப்பைத் திறந்து, இமேஜ் மெனுவில் மோடை ஆர்ஜிபி ஆக்குங்கள். இல்லாவிட்டால் சுருக்கியதும் படம் பிசிறடிக்கும்.

2. ஃபில்டர்ஸ், அனிமேஷன், அன்ஆப்டிமைஸ். துண்டுகள் எல்லாம் முழு ஃபிரேம்களாகும். கவனம்: பழைய படம் அப்படியே இருக்கும், சரியான பிரதி புதிதாக வேறொரு படமாகத் திறக்கும். இதைப் பார்க்காமல் பழையதிலேயே வேலையைத் தொடர்ந்துவிட்டு, 'அன்ஆப்டிமைஸ் வேலை செய்யவில்லை' என்பவர்கள்தான் அதிகம். லேயர் பட்டியலைப் பாருங்கள், ஜிம்ப்பில் ஒவ்வொரு ஃபிரேமும் ஒரு லேயர். எல்லா லேயரும் ஒரே அளவில் முழுதாகத் தெரிந்தால் அதுதான் நமக்கு வேண்டியது.

3. இமேஜ் மெனுவில் ஸ்கேல் இமேஜ். வேண்டிய அளவுக்குச் சுருக்குங்கள்.

4. எக்ஸ்போர்ட் செய்யும்போது 'அஸ் அனிமேஷன்' டிக் இருக்கட்டும். இல்லையென்றால் பானை பொங்காது, அசையாமல் நிற்கும். பின்னணி இல்லாத படத்தில் பழைய ஃபிரேமின் நிழல் தங்கினால், அங்கேயே 'ஒன் ஃபிரேம் பெர் லேயர்' தேர்ந்தெடுங்கள்.

வேகம் கூட்ட, ஃபிரேம்களுக்கு இடையிலான நேரத்தை 10 மில்லிசெகண்ட் என்று போடாதீர்கள். பிரவுசர்கள் அதை 100 ஆக எடுத்துக்கொள்ளும், படம் இன்னும் மெதுவாகும். 20க்குக் கீழே இறங்க வேண்டாம்.

பின்சேர்க்கை: எம்பி4 ஆக மாற்றினால் பிழை வருகிறது என்று அம்பத்தூர் நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் படத்தின் அகலம் 321. வழக்கமான எச்.264 (எம்பி4இல் வீடியோவைச் சுருக்கும் முறை) வீடியோவுக்கு அகலம், உயரம் இரண்டும் இரட்டைப்படையாக இருக்க வேண்டும். 320 ஆக்கியதும் ஓடியது. அப்புறம், எம்பி4இல் பின்னணி இல்லாத படம் நிற்காது, பெரும்பாலும் கறுப்பாகிவிடும். அதற்கு ஜிம்ப்பில் வெப்பி (WebP) என்ற பட வடிவமாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அங்கேயும் அந்த 'அஸ் அனிமேஷன்' டிக் உண்டு.