எக்செல்லில் ஓடும் கால்வாசிக் கார்: சஸ்பென்ஷன் சிமுலேஷனுக்கு முதல் படி

சஸ்பென்ஷன் சிமுலேஷன் என்றதும் ஆடம்ஸ், சிமுலிங்க் போன்ற மென்பொருள்களைத் தேடி ஓட வேண்டாம். தொடங்குவதற்கு எக்செல் போதும். ஒரு சக்கரம், அதன்மேல் கால்வாசி வண்டி. இதைத்தான் குவார்ட்டர் கார் மாடல் என்பார்கள்.

முதலில் எண்கள். உடல் (சக்கரத்தின் மேல் உள்ள கால்வாசி வண்டி) 300 கிலோ, சக்கரம் 40 கிலோ. ஸ்பிரிங் விறைப்பு மீட்டருக்கு 20,000 நியூட்டன், டயருக்கு 2,00,000. ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பரின் மதிப்பு 1,500 (வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் அது தரும் விசை, நியூட்டனில்). எல்லாவற்றையும் தனித்தனிக் கட்டங்களில் வையுங்கள், பின்னால் மாற்றி விளையாடத்தான் போகிறோம்.

அடுத்து சாலை. சாலைத் தரங்களை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 25 கி.மீ. வேகத்துக்கானது. (நம் தெருக்களில் முளைப்பவை வேறு ரகம்!) அந்த வேகத்தில் கடக்க 0.53 வினாடி ஆகும். அரை சைன் வளைவாக வரைந்தால் போதும்.

இனி சூத்திரங்கள். வண்டி அசையாமல் நிற்கும் நிலையே பூச்சியம்.

சஸ்பென்ஷன் விசை = ஸ்பிரிங் விறைப்பு × (சக்கர உயரம் − உடல் உயரம்) + ஷாக் மதிப்பு × (சக்கர வேகம் − உடல் வேகம்)
டயர் விசை = டயர் விறைப்பு × (சாலை உயரம் − சக்கர உயரம்)
உடல் முடுக்கம் = சஸ்பென்ஷன் விசை ÷ 300
சக்கர முடுக்கம் = (டயர் விசை − சஸ்பென்ஷன் விசை) ÷ 40

ஒரு வரிக்கு 0.001 வினாடி. முடுக்கத்திலிருந்து புதிய வேகம், அந்தப் புதிய வேகத்திலிருந்து புதிய உயரம். இந்த வரிசை முக்கியம். பழைய வேகத்தைப் போட்டால் இல்லாத ஆற்றல் கணக்குக்குள் புகுந்துவிடும்.

பலரும் விட்டுவிடும் இடம் டயர். 340 கிலோ சுமையில் அது ஏற்கெனவே சுமார் 17 மி.மீ. அமுங்கியிருக்கிறது. சக்கர உயரம் சாலை உயரத்தைவிட அந்த அளவுக்கு மேல் கூடினால், டயர் தரையை விட்டுவிட்டது என்று பொருள். நம் சூத்திரமோ டயரைப் பசை போட்டு ஒட்டியதுபோல் கீழே இழுக்கும். எக்செல்லின் 'மேக்ஸ்' போட்டு, டயர் விசை −3,335 நியூட்டனுக்குக் கீழே போகாமல் தடுங்கள்.

நம்புவதற்கு முன் ஒரு சோதனை: ஷாக்கை 300 ஆக்குங்கள். மேட்டைத் தாண்டிய பிறகு உடல் ஏறத்தாழ 0.8 வினாடிக்கு ஒரு முறை ஆட வேண்டும். இல்லையென்றால் எங்கோ கூட்டல் கழித்தல் குறி மாறியிருக்கிறது.

இப்போது 4,000 போட்டுப் பாருங்கள். ஆட்டம் சட்டென்று அடங்கும், ஆனால் மேட்டில் ஏறிய கணமே முடுக்கம் குத்தென்று உயரும். அந்தக் குத்து நேராக இடுப்புக்குத்தான் போகும். 300க்கும் 4,000க்கும் நடுவே எங்கே நிற்பது என்பதுதான் வடிவமைப்பவரின் வேலை. என் ஓட்டு 1,500 பக்கம்.

அது கைவந்ததும், ஷாக் அமுங்கும்போது ஒரு மதிப்பு, விரியும்போது அதைவிடக் கூடுதலாக ஒன்று என்று 'இஃப்' வைத்துப் பிரியுங்கள். கடையில் வாங்கும் ஷாக் பெரும்பாலும் அப்படித்தான் வேலை செய்கிறது.