கெலுலுட் பிசினில் டிங்சர் போடுவது எப்படி?

பினாங்கின் பாலிக் புலாவில் கெலுலுட் வளர்க்கும் மாமா ஒருவர் போன மாதம் ஒரு பிடி புரோபோலிஸ், அதாவது தேனீப் பிசின், கொடுத்தார். அதை எத்தனாலில் ஊறவைத்து வடித்தால் டிங்சர். கொசுத்தேனீ என்போமே, கொட்டாத அந்தச் சின்னத் தேனீயின் வகைதான் கெலுலுட். மரப்பிசினைச் சுரண்டி வந்து, மெழுகோடு குழைத்து வாசல் குழாய், தேன் பானை எல்லாம் கட்டும். கூட்டுக்குள் நுழையும் வண்டை இதே பிசினால் உயிரோடு பூசி அடக்கிவிடும் இனம் ஒன்று ஆஸ்திரேலியாவில் உண்டு.

முதல் வேலை, ஃப்ரீசர். நான் இதைச் செய்யாமல் விட்டேன். பினாங்குச் சூட்டில் பிசின் சூயிங்கம் மாதிரி இளகி, அம்மாவின் ப்ளெண்டர் கத்தியில் சுற்றிக்கொண்டது. அந்த ப்ளெண்டரில் இன்னும் சட்னி அரைக்க முடியவில்லை. ஓர் இரவு உறையவிட்டால் கருப்பட்டி போல டக்கென்று உடையும். துணியில் கட்டிக் குழவியால் தட்டுங்கள். பொடியைக் குளிர்ந்த நீரில் போட்டால் மெழுகும் குப்பையும் மிதக்கும், பிசின் அடியில் தங்கும். மிதப்பதை வழித்துக் கொட்டிவிட்டு, பிசினை நிழலில் உலர்த்துங்கள்.

அப்புறம் 20 கிராம் பொடிக்கு 100 மில்லி எத்தனால், 70 சதவீதம், உணவுத்தரம். கை துடைக்கும் ஐசோபுரொப்பைல் வேண்டவே வேண்டாம், வாய்க்குள் போனால் விஷம். தண்ணீரில் பிசின் சரியாகக் கரையாது. 70 சதவீத எத்தனால் பிசினை இழுத்துக்கொண்டு மெழுகைப் பெரும்பாலும் விட்டுவிடும். அடுப்புப் பக்கம் மட்டும் போகாதீர்கள். கருநிறப் புட்டியில் இரண்டு வாரம், தினமும் ஒரு குலுக்கு. பிறகு காபி வடிதாளில் வடித்தால் சரி. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள், பால் கலந்ததுபோல வெளுக்கும்.

மருந்துக் குணம்? ஃபிளாவனாய்டும் பீனாலிக் அமிலங்களும்தான் பேர்போனவை. ஆய்வுக்கூடத்தில் ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற கிராம்-பாசிட்டிவ் (வெளிச்சவ்வு இல்லாத) கிருமிகளை நன்றாகவே அடக்குகிறது, ஈ.கோலை வகையை அவ்வளவாக இல்லை. அதுவும் மரத்துக்கு மரம் மாறும். தாய்லாந்துக் கொசுத்தேனீப் பிசினில் மங்குஸ்தீன் மரத்தின் மாங்கோஸ்டின் என்ற வேதிப்பொருளே கிடைத்திருக்கிறது. ஐரோப்பியப் பிசினோ பெரும்பாலும் பாப்லர் மரத்துடையது. அதனால் அங்கே செய்த சோதனையைக் காட்டி நம் புட்டியை விற்பவரை நான் நம்புவதில்லை.

பூசும் முன் முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு, இரண்டு நாள் காத்திருங்கள். அரித்தால் விட்டுவிடுங்கள், புரோபோலிஸ் ஒவ்வாமை சிலருக்கு உண்டு. ஆஸ்துமாக்காரர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

வடிதாளில் மிஞ்சும் சக்கையை நான் மாமாவிடமே கொடுத்துவிடுகிறேன். புதுப்பெட்டி வாசலில் தடவி வைப்பார், கெலுலுட் வாசம் பிடித்து வருமாம்.