ங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளம்: முதல்முறை போகிறவர்கள் திட்டமிடுவது எப்படி?

தான்சானியாவின் வடக்கே, இருபது லட்சம் ஆண்டுகளுக்கும் முன்னால் ஒரு பெரிய எரிமலை உள்வாங்கி இடிந்ததில் உண்டான, காட்டு விலங்குகள் நிறைந்த பள்ளம் இது. ஆழம் சுமார் 600 மீட்டர், தரைப்பரப்பு சுமார் 260 சதுர கி.மீ. சுற்றிப் பார்க்க ஒரு நாள் தாராளம். ஆனால் அந்த நாளில் எத்தனை மணிக்குக் கீழே இறங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

1. மாதம்

விலங்குகளில் பெரும்பாலானவை ஆண்டு முழுவதும் உள்ளேயே இருப்பவை. அதனால் பக்கத்திலுள்ள செரெங்கெட்டி தேசியப் பூங்காவுக்குப் பார்ப்பது போல வலசைக் காலம் பார்க்க வேண்டியதில்லை. ஜூன் முதல் அக்டோபர் வரை பாதை காய்ந்திருக்கும், புல் குட்டையாக இருக்கும். ஏப்ரல், மே கனமழை. விடுதிக் கட்டணம் குறையும், வண்டி சேற்றில் சிக்கும்.

2. முந்தைய இரவு எங்கே?

அருஷா நகரத்தில் தங்கிவிட்டு அதிகாலையில் கிளம்பலாம் என்று நினைக்காதீர்கள். பள்ளத்துக்குப் போகும் வழியிலுள்ள கராட்டு ஊருக்கு வரவே இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். காலை வேட்டை முடிந்து சிங்கம் தூங்கும் நேரத்தில்தான் இறங்குவீர்கள். கராட்டுவில் தங்கினால் செலவு குறைவு, பள்ளத்தைச் சுற்றியுள்ள பாதுகாப்புப் பகுதியின் நுழைவான லொடோரே வாயில் காலை ஆறு மணிக்குத் திறக்கும்போது வரிசையில் நிற்கலாம். பள்ளத்தின் விளிம்பில் உள்ள விடுதிகள் இன்னும் வசதி, ஆனால் கையைக் கடிக்கும். பணம் யோசிக்கிறவர்களுக்குக் கராட்டுவே போதும்.

3. வண்டியும் கட்டணமும்

நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டிக்கு மட்டுமே அனுமதி. கூரை திறக்கும் லேண்ட் க்ரூசர்தான் வழக்கம். வெளிநாட்டுப் பெரியவருக்கு நுழைவு, வரியோடு சுமார் 71 டாலர். பள்ளத்தில் இறங்க ஒரு வண்டிக்குத் தனியாகச் சுமார் 295 டாலர். இருவர் மட்டும் போனால் தலைக்கு 148 விழும், ஆறு பேர் சேர்ந்தால் 50-க்குள் முடியும். கட்டணம் அவ்வப்போது மாறும் என்பதால், பயண நிறுவனம் அனுப்பும் விலைப்பட்டியலில் "பள்ளத்தில் இறங்கும் கட்டணம் சேர்த்தா?" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மலிவான பட்டியல்களில் பெரும்பாலும் விடுபட்டிருப்பது இதுதான்.

நுழைவுச் சீட்டு 24 மணி நேரத்துக்கு. முதல் நாள் காலை பத்துக்கு நுழைந்தால் மறுநாள் பத்துக்குள் பாதுகாப்புப் பகுதியின் எல்லையைத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் இன்னொரு நாள் கட்டணம். செரெங்கெட்டி போகும் சாலையும் இந்தப் பகுதிக்குள்தான் போகிறது, அதற்கும் இதே கணக்கு.

4. காகிதங்கள்

விசாவை இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். நைரோபியிலோ அடிஸ் அபாபாவிலோ விமானம் மாற 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும். மலேரியா மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 முதல் நாட்டுக்குள்ளேயே தடை, துணிப்பை போதும்.

5. உடுப்பு

ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று மெல்லிய சட்டையோடு வருகிறவர்கள் விளிம்பில் நடுங்குவார்கள். அது கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,300 மீட்டர், ஏறக்குறைய ஊட்டியின் உயரம். காலையில் மூடுபனி வேறு. கம்பளிச் சட்டைக்குமேல் காற்றுத் தடுக்கும் ஜாக்கெட் போட்டால், பத்து மணிக்கு ஒவ்வொன்றாகக் கழற்றலாம். 8x42 பைனாகுலர் ஆளுக்கு ஒன்று. ஒன்றை நாலு பேர் பகிர்ந்தால், உங்கள் முறை வருவதற்குள் காண்டாமிருகம் புல்லுக்குள் படுத்துவிடும்.

6. உள்ளே

மேற்கே செனெட்டோ பாதை இறங்க மட்டும், லெராய் பாதை ஏற மட்டும். லெராய் காட்டில் மஞ்சள் பட்டை வேல மரங்களுக்கிடையே நீண்ட தந்தமுள்ள ஆண் யானைகளைத் தேடுங்கள். மகாடி உவர் ஏரியில் பூநாரைகள். தண்ணீர் அளவைப் பொறுத்துக் கூட்டம் கூடும், குறையும். கறுப்புக் காண்டாமிருகம் திறந்த புல்வெளியில் தூரத்துக் கரும்புள்ளியாகத்தான் பெரும்பாலும் தெரியும். பாதையை விட்டு வண்டியை இறக்கக் கூடாது, ஓட்டுநரை வற்புறுத்தாதீர்கள். ஒட்டகச்சிவிங்கி பள்ளத்துக்குள் கிடையாது. அதை மேலே, செரெங்கெட்டிச் சாலையில் பாருங்கள்.

வண்டியை விட்டு இறங்கி நிற்க, கழிப்பறை போக, குறித்த இடங்களில் மட்டும் அனுமதி. மதிய உணவுக்கு எல்லோரும் நிறுத்தும் இடம் நீர்யானைகள் கிடக்கும் ங்கொய்டோகிடோக் குளக்கரை. சைவம் என்றால் முந்தைய இரவே விடுதியில் சொல்லிப் பொட்டலம் கட்டச் சொல்லுங்கள். சாப்பாட்டை வண்டிக்குள்ளேயே சாப்பிடுங்கள்: மேலே வட்டமிடும் பருந்து பின்பக்கமிருந்து பாய்ந்து கையில் இருப்பதைப் பறித்துவிடும், நகம் கிழித்தால் காயம் ஆழமாகும். லொடோரே வாயிலில் இதே வேலையைப் பபூன் குரங்குகள் செய்யும். ஓட்டுநர் சீட்டு வாங்கப் போகும்போது ஜன்னலை ஏற்றி வையுங்கள்.

மாலை ஆறுக்குள் எல்லா வண்டிகளும் மேலே ஏறிவிட வேண்டும். ஏறுபாதையில் வண்டிகள் வரிசை கட்டும் என்பதால் ஐந்துக்கே லெராய்ப் பக்கம் திரும்பச் சொல்லுங்கள்.