பதினாறு கட்டத்துக்குள் என் முகம்

வீடியோ கேம் பாத்திரமாக என்னையே வரைந்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். செல்ஃபியை 16×16 பிக்சலுக்குச் சுருக்கினால் போதும் என்று நினைத்தது தப்பு. வந்தது முகமில்லை, வேட்டியில் பட்ட சாம்பார்க் கறை.

சரி, கையாலேயே வரைவோம் என்று பிக்சல் படம் வரையும் பிஸ்கல் (Piskel) செயலியைத் திறந்தேன். அடுத்த தொல்லை மூக்குக்கண்ணாடி. கறுப்பில் ஃபிரேம் போட்டதும் பாண்டாக் கரடி ஆகிவிட்டேன்.

1981-இல் வந்த டாங்கி காங் வீடியோ கேமில் நாயகன் மரியோவுக்கு மீசை முளைத்த கதை அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அத்தனை சிறிய முகத்தில் வாய் எடுபடாது, அதனால் மீசை. தலைமுடி வரைவது சிரமம், அதனால் தொப்பி. நானும் வாயை அழித்துவிட்டு நான்கு பிக்சலில் தாடி வைத்தேன். ஃபிரேமைத் தோல் நிறத்தைவிடச் சற்றே அடர்ந்த பழுப்புக்கு மாற்றி, ஒரு கண்ணின் மூலையில் மட்டும் வெள்ளைப் புள்ளி. அந்த ஒற்றைப் புள்ளியில் கண்ணாடி பளிச்சென்று தெரிந்தது! மொத்தமே 5 நிறம்தான்.

அப்புறம் படத்தைப் பெரிதாக்கினால் எல்லாம் மங்கல். படங்களைத் திருத்தும் கிம்ப் (GIMP) மென்பொருளில், பெரிதாக்கும்போது பக்கத்து நிறங்களைக் கலந்துவிடும் ‘இன்டர்போலேஷன்’ அமைப்பை ‘None’ (வேண்டாம்) என்று மாற்றி, சரியாக 20 மடங்கு பெரிதாக்கியதும் ஓரங்கள் கூராக நின்றன.

அக்கா மகனிடம் காட்டினேன். “மாமா, இது நீங்கதான்! தொப்பை எங்க?” என்றான்.