ஹெட்லைட் பல்பை வீட்டிலேயே மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிய பல்பைப் பொருத்தி, சுவிட்சைப் போட்டு, வெளிச்சம் வந்ததும் பானெட்டை மூடிவிடுவதுதான் ஹெட்லைட் வேலையில் நடக்கும் மிகப் பெரிய தவறு. வெளிச்சம் வருகிறதா என்று பார்ப்பது பாதி வேலை. அந்த வெளிச்சம் சாலையில் எங்கே விழுகிறது என்று பார்ப்பது மீதிப் பாதி. இந்த இரண்டாவது பாதியை விட்டுவிட்ட வண்டியின் குறை, அதை ஓட்டுபவருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை; எதிரே மொபெட்டில் வருபவரின் கண்ணுக்குத்தான் தெரிகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், ஊருக்குக் கிளம்பும் நாளன்று மாலையில் எங்கள் ஆல்டோவின் வலது பல்பை நானே மாற்றினேன். திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போகும் சாலையில், எதிரே வந்த லாரிகள் ஒன்று விடாமல் விளக்கை மினுக்கிக் காட்டின; டிம்மில்தானே போகிறோம், பிறகு ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. செஞ்சிக்கு முன்னால் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தியபோது கடைச் சுவர் காரணத்தைக் காட்டிவிட்டது. இடது விளக்கின் வெளிச்சம் முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலே, நூல் பிடித்தாற்போல ஒரு கோட்டில் நின்றது. வலது விளக்கின் வெளிச்சமோ கோடே இல்லாமல் கூரைத் தகரம் வரை அப்பிக் கிடந்தது. பின்புற ரப்பரைக் கழற்றிப் பார்த்தால், பல்பின் உலோக அடிப்பகுதியில் நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று காதுகளில் ஒன்று தன் பள்ளத்தில் உட்காரவே இல்லை. அப்படியே அதன் மேல் கம்பிக் கிளிப்பை மாட்டியிருந்தேன். ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்ட அந்தப் பிழையோடு, இருபது கிலோமீட்டருக்கு மேல் எத்தனை பேரின் கண்ணைக் கூசவைத்தபடி வந்திருக்கிறேன் என்பது இன்றும் உறுத்துகிறது.

ஒரு காது உட்காராததால் இவ்வளவு கேடு ஏன் வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால், மற்றத் தவறுகளும் தாமாகவே விளங்கும். ஆல்டோ, வேகன் ஆர் போன்ற பல கார்களில் பொருத்தப்பட்டிருப்பது எச்4 வகை ஹாலோஜன் பல்பு. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழைகள் இருக்கும். பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். டிம் இழையின் அடியில் மட்டும் கரண்டி போன்ற ஒரு சிறிய உலோகத் தகடு உண்டு. இழையிலிருந்து கீழ்நோக்கிப் போகும் ஒளியை அது மறைத்துவிடுவதால், பல்பைச் சுற்றியிருந்து ஒளியை முன்னே திருப்பும் ரிஃப்ளெக்டரின் மேல்பாதி மட்டுமே ஒளி பெற்று அதைச் சாலையை நோக்கித் தாழ்வாக அனுப்புகிறது. சுவரில் தெரியும் கூர்மையான கோடு அந்தத் தகட்டின் வேலை. நாம் இடப்புறம் ஓட்டுவதால், அந்தக் கோடு எதிர்வண்டி வரும் வலப்புறத்தில் படுக்கையாகவும், நடந்து போகிறவர்களும் சைக்கிள்காரர்களும் வரும் இடப்புறத்தில் 15 டிகிரி மேலேறியும் இருக்கும்படி விளக்கு வடிவமைக்கப்பட்டுள்ளது. இத்தனையும் இழை தனக்குரிய இடத்தில் நின்றால்தான் நடக்கும். அது ஓரிரு மில்லிமீட்டர் விலகினாலும் சாலையில் விழும் ஒளியின் உருவமே மாறிவிடும்.

ஆகவே பல்பை மாட்டும்போது அகலமான காது மேற்புறம் வருமாறு பிடித்து, மூன்று காதுகளும் பள்ளத்தில் இறங்கியதை விரலால் தடவி உணர்ந்த பிறகே கிளிப்பைப் போட வேண்டும். சரியாக உட்கார்ந்த பல்பு ஆடாது. கிளிப்பை மாட்ட வழக்கத்துக்கு மேல் பலம் வேண்டியிருந்தால், கிளிப்பைக் குறைசொல்லாமல் பல்பைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். பாட்டரிக்குப் பின்னால் கை நுழையுமே தவிரக் கண் நுழையாத வண்டிகளில், கைபேசியை உள்ளே நீட்டி ஒரு படம் எடுத்துப் பார்ப்பது நல்ல வழி. பைக்குகளில் வரும் 35/35 வாட் எச்எஸ்1 பல்பு பார்வைக்கு ஏறத்தாழ எச்4 போலவே இருக்கும். அதன் காதுகளை ராவி காரில் மாட்டுவதோ, காரின் பல்பைப் பைக்கில் மாட்டுவதோ கூடாது.

பல்பைக் கழற்றுவதற்கு முன்பே செய்யப்படும் தவறுகளும் உண்டு. இரண்டு பக்க டிம்மும் ஒரே நேரத்தில் நின்றுபோனால் பல்பு வாங்க ஓடாதீர்கள். இரண்டு பல்புகள் ஒரே நொடியில் போவது அரிது, பியூஸோ, விளக்குக்கான மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலேயோ, சுவிட்சோதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை என்றால் இடது பல்பை வலதிலும் வலது பல்பை இடதிலும் மாட்டிப் பார்த்தால், குறை பல்போடு நகர்கிறதா அல்லது அந்தப் பக்கத்திலேயே நிற்கிறதா என்று தெரிந்துவிடும். அந்தப் பக்கத்திலேயே நின்றால், பல்பின் பின்னால் வயரோடு வந்து மாட்டும் பிளாஸ்டிக் இணைப்பான கப்ளரைப் பாருங்கள்: பின் கறுத்தோ பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியோ இருந்தால், எத்தனை புதிய பல்பு போட்டாலும் நிலைக்காது. பல்பு அடிக்கடி போகிறது என்றால், எஞ்சின் ஓடும்போது பாட்டரி முனையில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்று மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். 14 வோல்ட்டை ஒட்டி இருப்பது இயல்பு. 15-ஐத் தாண்டினால் சார்ஜிங்கில் கோளாறு. மின்னழுத்தம் 5 சதவீதம் கூடினாலே ஹாலோஜன் பல்பின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. வெளிச்சம் மட்டும் மங்கியிருந்தால் பழியை ஹெட்லைட்டின் முகப்புக் கண்ணாடியின் மேல் போடுவதே பல நேரம் சரியாக இருக்கும். அது உண்மையில் கண்ணாடியன்று, பாலிகார்பனேட் பிளாஸ்டிக், வெயிலில் மஞ்சளடிக்கும். பற்பசை போட்டுத் தேய்த்தால் சில வாரம் பளபளக்கும், ஆனால் மேற்பூச்சு போய்விடுவதால் மறுபடி விரைவாக மஞ்சளாகும்.

ஹாலோஜன் பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடக் கூடாது என்பதை மெக்கானிக்குகள் எல்லோரும் சொல்வார்கள். காரணத்தைச் சொல்பவர் குறைவு. பல்பு எரியும்போது அதன் குவார்ட்ஸ் கண்ணாடிச் சுவர் பல நூறு டிகிரி வெப்பத்தில் இருக்கும். விரலிலிருந்து ஒட்டிய எண்ணெயும் உப்பும் அந்த இடத்தில் வெந்து, குவார்ட்ஸின் தன்மையையே மாற்றி, பால்போன்ற ஒரு புள்ளியை உண்டாக்கும். அந்தப் புள்ளி மட்டும் அதிகமாகச் சூடேறுவதால் பல்பு வீங்கியோ வெடித்தோ போகும். பெட்டியிலிருந்து எடுக்கும்போதே உலோக அடிப்பகுதியைப் பிடியுங்கள்; தவறித் தொட்டுவிட்டால், மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சுத்தமான துணியில் தொட்டுத் துடைத்து, உலர்ந்த பின் மாட்டுங்கள். இப்போதுதான் அணைத்த பல்பைக் கழற்றவும் கூடாது. உள்ளே வாயு அழுத்தத்தில் இருப்பதால், சூட்டோடு தட்டுப்பட்டால் சில்லுகள் முகத்தில் தெறிக்கும். கால்மணி நேரம் பொறுப்பதில் நமக்கு நட்டமில்லை. ரிஃப்ளெக்டரின் உட்புற வெள்ளிப் பூச்சையும் விரலால் தொட வேண்டாம். அதில் விழும் கீறல் போகாது.

வெளிச்சம் போதவில்லை என்று 100/90 வாட் பல்பு கேட்டு வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 55 வாட் டிம்முக்கு ஏறத்தாழ நான்கரை ஆம்பியர் ஓடும் வயரில் 90 வாட் போட்டால் ஏழரை ஆம்பியர் ஓடும். வயரில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், அது இரண்டரை மடங்கைத் தாண்டிவிடும். முதலில் இளகுவது கப்ளர், அடுத்து சுவிட்ச். ரிலே வைத்துத் தடித்த வயர் இழுத்தால் வயர் பிழைத்துக்கொள்ளும். ரிஃப்ளெக்டர் அந்தச் சூட்டில் கருகுவதையும், எதிரே வருபவரின் கண் கூசுவதையும் ரிலே தடுக்காது.

எல்.இ.டி. பல்புகளைப் பற்றியும் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட வேண்டும். எல்.இ.டி.க்கென்றே வடிவமைத்த விளக்குகள் அருமையானவை. ஆனால் ஹாலோஜனுக்கென்று செய்த ரிஃப்ளெக்டரில் எல்.இ.டி. பல்பைச் செருகுவது வேறு விஷயம். மெல்லிய இழையிலிருந்து சுற்றிலும் பரவும் ஒளிக்காக வளைக்கப்பட்ட ரிஃப்ளெக்டருக்கு, தட்டையான எல்.இ.டி. சிப்புகளின் இரு பக்கத்திலிருந்தும் வரும் ஒளி பொருந்துவதில்லை. வண்டிக்கு நேர் முன்னால் தரை வெள்ளை வெளேரென்று தெரிவதால் ஓட்டுபவர் மகிழ்ந்துபோகிறார். தூரத்துப் பள்ளம் முன்னைவிட மங்கலாகிறது, சிதறிய ஒளி மேலே போகிறது. எல்.இ.டி. பல்பின் பின்னாலுள்ள, சூட்டைத் தணிக்கும் விசிறி இடிப்பதால் ரப்பர் மூடியை வெட்டுவதும், மாட்டாமலே விடுவதும் இதன் தொடர்ச்சி. அந்த மூடி இல்லாத விளக்குக்குள் தூசியும் ஈரமும் புகுந்து, ஒரு மழைக்காலத்திலேயே ரிஃப்ளெக்டர் மங்கத் தொடங்கும். தயாரிப்பாளர் தந்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் சொல்கிறது.

இனி, பட்டறைகளில் ஃபோகஸ் செட் பண்ணுவது என்று சொல்லப்படும், வெளிச்சம் விழும் கோணத்தைச் சரிசெய்யும் வேலை. இதற்குப் பெரிய கருவி வேண்டாம். மட்டமான தரையும் வெளிறிய சுவரும் போதும். ஆனால் அந்த மட்டமான தரையைக் கண்ணால் மதிப்பிடுவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கார் நிறுத்தும் தரை மழைநீர் ஓடுவதற்காகச் சரிவாகவே போடப்படுகிறது. ஐந்து மீட்டருக்கு 3 செ.மீ. சரிவு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் டிம் வெளிச்சம் அதே தூரத்தில் இறங்க வேண்டிய அளவே 5 செ.மீ.தான். கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாயைக் கொண்டு முன்சக்கரம், பின்சக்கரம், சுவரின் அடி ஆகிய மூன்று இடத்திலும் தரையிலிருந்து நீர்மட்டம் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். டயர்க் காற்று சரியாக இருக்க வேண்டும், டிக்கி காலியாக இருக்க வேண்டும், ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும், விளக்கைத் தாழ்த்தும் திருகுசக்கரம் டாஷ்போர்டில் இருந்தால் அது 0-வில் நிற்க வேண்டும்.

வண்டியைச் சுவரை ஒட்டி நிறுத்தி, இரு விளக்குகளின் மையத்துக்கும் நேராகச் சுவரில் குறியிட்டு, பிறகு நேர்கோட்டில் பின்னுக்கு எடுத்து, விளக்குக்கும் சுவருக்கும் இடையே 5 மீட்டர் வரும்படி நிறுத்துங்கள். பல கார்களில் விளக்கின் உடம்பிலேயே 1.0% அல்லது 1.2% என்பதுபோல் ஓர் அளவு அச்சிட்டிருக்கும்; 1 சதவீதம் என்றால் 5 மீட்டரில் 5 செ.மீ. தாழ்வு. மையக்குறிக்கு 5 செ.மீ. கீழே படுக்கையாக ஒரு டேப் ஒட்டி, டிம்மைப் போட்டு, ஒரு விளக்கை அட்டையால் மறைத்து, மற்றதன் கோடு அந்த டேப்பில் வந்து நிற்கும்வரை விளக்கை மேலும் கீழும் சாய்க்கும் திருகை அரைச்சுற்று அரைச்சுற்றாகத் திருப்ப வேண்டும். கோடு மேலே மடியும் முனை, அந்த விளக்கின் மையத்துக்கு நேர்கீழே வர வேண்டும். வலப்புறம் விலகக் கூடாது. பிரைட்டைப் போட்டுக்கொண்டு ஃபோகஸ் வைப்பதும், இரண்டு விளக்கும் ஒரே புள்ளியில் சேரும்படி உள்நோக்கித் திருப்புவதும் தவறு. பல்பு மாற்றுவதற்கு முன் சரியாக இருந்த விளக்கு மாற்றிய பின் கோணலாகிவிட்டால், திருகைத் தொடுவதற்கு முன் பல்பு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சரியாக உட்காராத பல்புக்குத் திருகால் ஈடுகட்டினால், அடுத்த முறை நல்ல பல்பு போடும்போது எல்லாமே தப்பாகிவிடும்.

இந்த ஒரு சதவீதத்தின் எடையைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் திருகில் கை தானாக நிதானமடையும். தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்திலுள்ள விளக்கு 1 சதவீதம் தாழ்ந்திருந்தால், அதன் கோடு 65 மீட்டர் தூரத்தில் தரையைத் தொடும். அதே விளக்கு 1 சதவீதம் மேல்நோக்கி இருந்தால், 50 மீட்டரில் கோடு 115 செ.மீ. உயரத்துக்கு ஏறி, எதிரே காரில் வருபவரின் கண் மட்டத்தை எட்டிவிடும். பயந்துகொண்டு 3 சதவீதம் தாழ்த்திவிட்டாலும் ஆபத்துதான்: வெளிச்சம் 22 மீட்டரிலேயே முடிந்துவிடும், மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க ஒன்றேகால் நொடிக்குச் சற்று மேல்தான் ஆகும். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 106ஆம் விதி, வண்டிக்கு 8 மீட்டர் முன்னால், 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணை விளக்கு கூசவைக்கக் கூடாது என்கிறது. விளக்கின் நடுவே கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டதால் இது நிறைவேறிவிட்டதாக நினைக்க வேண்டாம். ஸ்டிக்கர் கொஞ்சம் ஒளியை மறைக்குமே தவிரக் கோட்டைக் கீழே இறக்காது.

காலி வண்டியில் வைத்த ஃபோகஸ், பின்னிருக்கையில் மூவரும் டிக்கியில் அரிசி மூட்டையும் ஏறியதும் மாறிவிடும். பின்பக்கம் தாழ்ந்து மூக்கு நிமிரும். திருகுசக்கரம் உள்ள வண்டி என்றால், டேப்பைச் சுவரிலிருந்து உரிப்பதற்கு முன் ஒரு மாலையில் அந்தச் சுமையோடு அதே இடத்தில் வண்டியை நிறுத்தி, எந்த எண்ணில் வைத்தால் கோடு மறுபடியும் டேப்புக்கு இறங்குகிறது என்று பார்த்து, அந்த எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.