ஆறு எழுத்துகளில் ஒரு தடித்த செரிஃப் எழுத்துரு

பெயர்ப்பலகைக்கும் சுவரொட்டித் தலைப்புக்கும் உரிய தடித்த செரிஃப் (கோட்டு முனைகளில் சிறு அடிக்கட்டை கொண்ட) எழுத்துருவை வரையப் பழகுவோர், 247 எழுத்துகளையும் ஒரேயடியாகத் தொடங்க வேண்டியதில்லை. ‘திருகோணமலை’ என்று நம் ஊர்ப்பெயரை எழுதினாலே விசிறி (ி), உகரம், இரட்டைக்கொம்பு (ே), அரவு (ா), மூன்று சுழி, ஐகாரக் கொம்பு (ை) எனப் பெரும்பாலான சிக்கல்கள் வந்துவிடும்.

முதலில், தாளில் மேற்கோடும் அடிக்கோடும் இட்டு, தடித்த கோட்டின் அகலத்தை எழுத்தின் உயரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகவும், மெல்லிய கோட்டை அதில் கால் பங்காகவும் வைத்துக்கொள்ளுங்கள். நிமிர்ந்த கோடுகள் தடித்தும் படுக்கைக் கோடுகள் மெலிந்தும் இருக்கட்டும். எதைத் தேர்ந்தாலும் இடையில் மாற்றாதீர்கள்.

இரண்டாவதாக, ‘ண’வை வரையுங்கள். எல்லா எழுத்துகளுக்கும் முன்னதாக இதை முடிப்பதே நல்லது. ஏனெனில் மூன்று சுழிகளும் நெருங்கி நிற்கும் இவ்வெழுத்தில் மையை உட்பக்கமாக ஏற்றினால் உள்வெளி (சுழிக்குள் இருக்கும் வெற்றிடம்) அடைபட்டு, சற்றுத் தள்ளி நின்று பார்ப்பவருக்கு அது கறுப்புத் திட்டாகிவிடும். ஆகவே எழுத்தை அகலமாக்கித் தடிப்பை வெளிப்பக்கம் தள்ளுங்கள். சுழி தண்டைத் தொடும் இடத்தில் கோட்டைச் சற்று மெலியவிடுங்கள். மற்ற எழுத்துகளின் கருமை இதனோடு ஒத்துப்போக வேண்டும். தாளைச் சுவரில் ஒட்டி, அறையின் மறுகோடியில் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், எந்த எழுத்து கனத்து நிற்கிறது என்பது தெரிந்துவிடும்.

செரிஃபை எல்லா முனைகளிலும் ஒட்டவைக்கும் ஆசை புதியவர்களுக்கு வரும். ‘ம’வின் இடத்தண்டு, அரவின் அடி போன்ற நேர்முனைகளுக்கு அது போதும், சுழிகளை உருண்டைத் துளியாக முடித்தால் தமிழின் வளைவு கெடாது.

பின்னர் வரைபடத்தை ஸ்கேன் செய்து, இலவச மென்பொருளான ஃபொன்ட்ஃபோர்ஜில் 1000 அலகுச் சதுரத்தில் பதியுங்கள். வளைவின் மேல், கீழ், இட, வல உச்சிகளில் மட்டும் புள்ளிகள் இருந்தால் கோடு வழவழப்பாக வரும். ‘கோ’வின் கொம்பும் அரவும் ககரத்தை நெருங்கி நிற்க வேண்டும், இல்லையெனில் அது மூன்று துண்டாகத் தெரியும். முழு எழுத்துருவையும் செய்யும்போது, ‘ரு’ போன்ற உகர, ஊகார வடிவங்கள் 36ஐயும் தனித்தனியே வரைய வேண்டியிருக்கும்.

பயன்பாட்டைப் பொறுத்தவரை, இத்தகைய எழுத்து மூன்று நான்கு சொற்களுக்கே உரியது. அழைப்பிதழின் விபரங்களுக்கு மெல்லிய எழுத்துருவே பொருத்தம். மென்பொருளின் ‘போல்ட்’ பொத்தானை அழுத்திச் செயற்கையாகத் தடிப்பாக்குவது, நாம் காத்த உள்வெளிகளை மீண்டும் அடைத்துவிடும் (நகரில் தொங்கும் பதாகைகளில் பாதி அழகு இப்படித்தான் போகிறது). ஒப்பிட்டுப் பார்க்க ‘நோட்டோ செரிஃப் தமிழ்’ என்ற எழுத்துருவின் ‘பிளாக்’ தடிப்பு உதவும். பலகையில் ஆங்கிலமும் வேண்டுமானால் அப்ரில் ஃபேட்ஃபேஸ் (Abril Fatface) என்ற தடித்த ஆங்கில எழுத்துருவை அருகில் வைக்கலாம்.

அச்சகங்கள் பலவற்றில் யூனிக்கோடு அல்லாத பழைய எழுத்துருவான பாமினி இன்றும் புழங்குவதால், யூனிக்கோடில் செய்த உங்கள் எழுத்துரு அங்குள்ள கணினியில் திறக்கும்போது வேறொன்றாக மாறக்கூடும். எழுத்துகளை வெளிக்கோடுகளாக மாற்றி, பீடிஎஃப் கோப்பாகக் கொடுங்கள்.