ஒட்டகம் எழும்போது பின்னால் சாயுங்கள்: பாலக்காட்டிலிருந்து ஜெய்சல்மேர் போகிற குழுக்களுக்கு

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கமிருந்து ராஜஸ்தான் பாலைவனத்துக்கு ஒட்டகச் சவாரிக்காகப் பத்துப் பேர் சேர்ந்து கிளம்பினால், நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போய் வந்துவிடுங்கள். கோவை–ஹிசார் வாராந்திர ரயில் பாலக்காடு வழியாகத்தான் போகிறது. ஜோத்பூரில் இறங்கி ஜெய்சல்மேருக்கு மாற வேண்டும். சவாரி ஜெய்சல்மேர் பக்கத்துச் சாம் அல்லது குரி மணல்மேடுகளில். மாலை 2 மணி நேரம், மறுநாள் காலை 2 மணி நேரம் என்று பேசுங்கள். ஒரே மூச்சில் 5 மணி நேரம் என்றால் மறுநாள் யாரும் நடக்க மாட்டார்கள்.

சறுக்கி விழுவது பெரும்பாலும் நடையில் இல்லை, எழும்போதுதான். ஒட்டகம் பின்னங்காலை முதலில் தூக்கும். ஏறியவர் முன்னால் கவிழ்வார். ஆகவே அது அசையும் முன்பே சேணத்தின் முன்பிடியை இரு கையாலும் பிடித்து முதுகைப் பின்னால் சாய்த்துக்கொள்ளுங்கள். முன்னங்கால் நிமிர்ந்ததும் நேராகலாம். உட்காரும்போது முன்னங்கால்தான் முதலில் மடியும், அப்போதும் பின்னால்தான் சாய வேண்டும். இறங்குகிற அவசரத்தில் இதை மறந்துவிடுவார்கள். கையில் செல்போன் வேறு!

நடக்கையில் ஒரு பக்கத்து இரண்டு காலும் சேர்ந்து நகர்வதால் உடம்பு பக்கவாட்டில் ஆடும். முட்டியை இறுக்கினால் தொடை உரியும். இடுப்பைத் தளரவிடுங்கள். கால் வைக்க வளையம் இல்லாத சேணத்தில் தொங்கும் கால் சீக்கிரம் மரத்துப்போகும். ஏறும் முன்பே பார்த்து, இல்லையென்றால் கயிற்றில் கண்ணி போடச் சொல்லுங்கள். முதுகில் சேணப்புண் தெரிந்தால் வேறு ஒட்டகம் கேளுங்கள்.

வேட்டி, சேலை வேண்டாம். உள்தையல் தடித்த ஜீன்ஸ் அதைவிட மோசம். தளர்ந்த பருத்திப் பேண்ட் போதும். தொப்பி பறக்கும், அதைப் பிடிக்க எட்டினால் ஆளும் பறப்பார். நம்ம ஈரிழைத் தோர்த்துத் துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டுங்கள்.

ஒட்டகங்களை ஒன்றன் பின் ஒன்றாகக் கட்டி நடத்தினால், பயப்படுகிறவருக்கு முதல் ஒட்டகம்தான். அதன் கயிறு ஒட்டகக்காரர் கையில் இருக்கும்.

நம்ம ஊரில் வியர்வை வழிவதால் தண்ணீர் ஞாபகம் வரும். அங்கே வியர்த்த உடனே உலர்ந்துவிடும், தலைவலி வந்த பிறகுதான் தெரியும். ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர் வையுங்கள். உப்பு தாகத்தைக் கூட்டும், அதனால் நேந்திரங்காய் சிப்ஸைக் கூடாரத்துக்குத் திரும்பிய பிறகு பிரியுங்கள்.

டிசம்பர், ஜனவரி இரவில் 10 டிகிரிக்குக் கீழே போகும். கம்பளி கட்டாயம். உரிந்த தொடைக்குத் தேங்காய் எண்ணெய் எடுத்துப் போனால் பாட்டிலிலேயே உறைந்து கிடக்கும், வாசலின் வாங்கிக்கொள்ளுங்கள்.